தபால் பெட்டியில் அப்பா பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அட்மிஷன், விசா வரைக்கும் வழி சொல்ல ஆள் நிறைய உண்டு. விமானத்தை விட்டு இறங்கிய பிறகு வருகிற முதல் சில வாரங்களைப் பற்றித்தான் சொல்வார் இல்லை. மியூனிக் நகரத்தை வைத்தே பேசுகிறேன். மற்ற ஊர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் டிக்கெட் போடும் தேதி. குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது, வகுப்புகள் அக்டோபர் நடுவில். அதனால் செப்டம்பர் கடைசியில் போய் இறங்கலாம் என்று தோன்றும். மியூனிக்கில் அந்த நாட்களில்தான் அக்டோபர்ஃபெஸ்ட். பீர் குடிக்க ஊர் ஊராகக் கூட்டம் வரும், தங்கும் விடுதியில் ஒரு படுக்கைக்குக்கூடத் தாறுமாறாக விலை ஏறும். ரூம் உறுதியாகவில்லை என்றால் செப்டம்பர் தொடக்கத்திலேயே போய்விடுங்கள்.

கிழமையும் முக்கியம். மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தில் ராத்திரி 8 மணிக்குக் கடைகளை அடைத்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் திறக்காது. அக்டோபர் 3-ம் நவம்பர் 1-ம் விடுமுறை. சனிக்கிழமை ராத்திரி இறங்குகிறவருக்கு ஞாயிறு முழுக்கப் பையில் இருக்கிற முறுக்குதான். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் இருக்கிற சில கடைகள் மட்டும் விலக்கு. ஆக, வாரநாளில், காலையில் போய்ச் சேருகிற மாதிரிப் பாருங்கள்.

அடுத்தது பணம். பெற்றோர்கள் கவனிக்கவேண்டியது இது. விசாவுக்காக பிளாக்ட் அக்கவுண்டில், அதாவது மொத்தமாக எடுக்கமுடியாதபடி முடக்கிவைத்த கணக்கில், வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டிருப்பீர்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ வரும். பையன் இறங்கியவுடன் எடுத்துக்கொள்வான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பணம் வர, அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்கப் போனால் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரியைப் பதிய வீடு வேண்டும். வீட்டுக்கு அட்வான்ஸ் வேண்டும். அட்வான்ஸ் பணமோ பிளாக்ட் அக்கவுண்டில். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் அதைத் தொடாமல், ஃபாரெக்ஸ் கார்டிலும் கையிலுமாக ஒரு 2,500 யூரோ தனியாக இருக்கட்டும்.

அட்வான்ஸைப் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. தண்ணீர், ஹீட்டர் செலவு சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைக்கு வருபவருக்கு உரிமை உண்டு. இன்னொன்று: "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் போடுகிறேன்" என்று யாராவது எழுதினால், அது மோசடி. போட்டோவில் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் மோசடிதான்.

இப்போது முகவரிப் பதிவு. பிள்ளைகள் ஆன்மெல்டுங் என்பார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதியவேண்டும். பாஸ்போர்ட், பூர்த்தி செய்த படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம், இந்த மூன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் போதாது, அந்தக் கடிதம் தனி. "தங்கிக்கொள், பதிவு மட்டும் பண்ணாதே" என்கிற இடத்தில் ரூம் எடுக்காதீர்கள். அங்கிருந்தால் வங்கிக் கணக்கிலிருந்து ரெசிடென்ஸ் பெர்மிட் என்கிற தங்கும் அனுமதி வரைக்கும் எல்லாம் இழுபறியாகும். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்ட் சபையார் என்று பதிந்தவர்களுக்கு, பின்னால் சம்பளத்தில் வருமான வரி பிடித்தால், அந்த வரியில் 8 சதவீதம் சர்ச் வரியாகவும் போகும். பவேரியாவில் 8, பெரும்பாலான மாநிலங்களில் 9. விஷயம் தெரிந்து நிரப்புங்கள்.

சரி, பதிந்தாகிவிட்டது. இனி எல்லாம் தபாலில் வரும். வங்கி கார்டு ஒரு கவரில், பின் நம்பர் வேறொரு நாளில் வேறொரு கவரில். இன்சூரன்ஸ் அட்டை தபாலில். வரி எண் தபாலில். அது கையில் இல்லாமல் பகுதிநேர வேலையில் சேர்ந்தால், ஆறாம் வரி வகுப்பு என்கிற அதிக வரியைப் பிடித்துவிடுவார்கள். ரேடியோ, டிவி கட்டணம் மாதம் 18.36 யூரோ, ஒரு வீட்டுக்கு ஒன்று. வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது, ரேடியோவே இல்லை என்றாலும் கட்டத்தான் வேண்டும்! அந்தக் கடிதமும் தபாலில்தான்.

தபால்காரர் எதைப் பார்த்துப் போடுவார்? நம் ஊர்போல வீட்டுக்கு வீடு கதவு எண், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று முகவரியில் எழுதுகிற வழக்கம் அங்கே பெரும்பாலும் இல்லை. கட்டடத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான். கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். பையன் பெயர் கார்த்திக், அப்பா பெயர் ராஜேந்திரன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடத்தில் ராஜேந்திரன் இருக்கும். அங்கே எல்லாருக்கும் அவன் மிஸ்டர் ராஜேந்திரன். கடிதமும் ராஜேந்திரனுக்கு வரும். இவனோ பெட்டியில் "ஆர். கார்த்திக்" என்று ஒட்டி வைத்திருப்பான். தபால்காரர் வரிசையாகப் பார்ப்பார், ராஜேந்திரன் இல்லை, திருப்பிவிடுவார். ஆகவே அப்பா பெயரை இனிஷியலாகச் சுருக்காதீர்கள். இரண்டு பெயரையும் முழுசாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிற பாஸ்போர்ட்காரர்கள், பதிவுச் சான்றில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசையில் வங்கிக்கும் இன்சூரன்ஸுக்கும் பெட்டிக்கும் கொடுங்கள்.

வீட்டு நிர்வாகம் பெயர்ப்பலகை செய்து தர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வெள்ளைத் தாளில் எழுதி, மழையில் ஊறாதபடி மேலே செல்லோ டேப் ஒட்டுங்கள். குடிபோகிற அன்றைக்கே. அழைப்பு மணியிலும் பெயர் வேண்டும், பார்சல்காரர் அதைத்தான் பார்ப்பார். நண்பர் வீட்டில் தங்கினால், முகவரியில் சி/ஓ போட்டு அவர் குடும்பப் பெயரைச் சேருங்கள். மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் உறையைக் கிழித்து எறியாதீர்கள். பெட்டியில் போட்ட தேதி அதன்மேல் எழுதியிருக்கும், பதில் தரவேண்டிய கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இன்சூரன்ஸ், சமையல் இரண்டையும் விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கிக்கொள்கிறேன்.

30 வயதுக்குக் கீழே இருந்தால் அரசுமுறை மாணவர் இன்சூரன்ஸ், மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். பிரைவேட் இன்சூரன்ஸ் மலிவாக இருக்கிறதே என்று, அரசுமுறையிலிருந்து விலக்குக் கேட்டு அதற்கு மாறிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்பி வரமுடியாது. விசா முடிவதற்கு முன்பே ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் பயணப் பெட்டியில் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. அறைக் கதவு இழுத்தாலே பூட்டிக்கொள்ளும், வெளியே திருகும் பிடி கிடையாது. குப்பை கொட்டப் போனாலும் சாவி பையில் இருக்கட்டும், ராத்திரியில் பூட்டுத் திறக்கிறவரைக் கூப்பிட்டால் செலவு நூற்றுக்கணக்கான யூரோவில் போகும். தாளிக்கும்போது புகை வந்தால் ஜன்னலைத் திறங்கள். வராந்தா பக்கத்துக் கதவைத் திறக்காதீர்கள், சில விடுதிகளில் அங்கிருக்கிற அலாரம் நேராகத் தீயணைப்பு நிலையத்தில் அடிக்கும்.

வணக்கம்.