வீட்டு மில்லிங் மெஷினுக்கு சர்வோ டிரைவ்: பிரேக் போட்டதும் வெடித்த மாஸ்ஃபெட்

[திரை: மேஜையில் கருகிய சர்க்யூட் போர்டு, நெருக்கத்தில்]

இந்தக் கருப்பு ஓட்டை தெரிகிறதா? மில்லிங் மெஷினின் மோட்டாரை ஓட்ட நானே செய்த சர்வோ டிரைவ் போர்டு இது. இங்கே ஒரு மாஸ்ஃபெட் இருந்தது, அதாவது மின்சாரத்தைக் குழாய் போலத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச். மோட்டார் முழு வேகத்தில் ஓடியபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ‘நில்’ என்று கட்டளை கொடுத்ததும் பட்டென்று வெடித்தது. காரணம் புரிவதற்குள் மூன்று மாஸ்ஃபெட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டன.

மெஷினில் முன்பு இருந்த ஸ்டெப்பரையே, அதாவது படிப்படியாகச் சுற்றும் மோட்டாரையே, வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்டெப்பரிடம் 200 ஸ்டெப் போ என்றால் போகும். போனதா என்று பார்க்க ஆள் கிடையாது. கட்டர் அலுமினியத்தில் கொஞ்சம் அழுத்தமாக மாட்டினால் சில ஸ்டெப்பை விட்டுவிடும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. மீதியை அது பாட்டுக்குத் தப்பான இடத்தில் வெட்டிக்கொண்டு போகும். நான் இப்படிக் குப்பையில் போட்ட அலுமினியத் துண்டுகளை எடைக்குப் போட்டிருந்தால் என்கோடர் வாங்கிய காசு வந்திருக்கும்.

[திரை: மோட்டாரின் பின்பக்கம், என்கோடர் தட்டு]

சர்வோவில் கண்காணிக்க ஆள் உண்டு. அதுதான் மோட்டாரின் முதுகில் இருந்து, அது எவ்வளவு சுற்றியது என்று சிக்னலாகச் சொல்லும் இந்த என்கோடர். தட்டில் 500 கோடுகள். ஏ, பி என்று இரண்டு சிக்னல் வரும். இரண்டின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2000 எண்ணிக்கை. டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நகரும் தூரம், 5 மில்லிமீட்டர் என்பதால், ஓர் எண்ணிக்கை 2.5 மைக்ரான். டேபிள் அவ்வளவு துல்லியமாக நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்க்ரூவில் உள்ள ஆட்டமே இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

எண்ணும் வேலையை யாரிடம் கொடுப்பது? நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று, அதாவது 1,00,000 எண்ணிக்கை. 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டுக்கு ஒவ்வொன்றுக்கும் நடுவே கிடைப்பது 160 கிளாக் மட்டும். எண்ணுவதிலேயே மூச்சு வாங்கிவிடும். கணக்குப் போட நேரமிருக்காது. எஸ்டிஎம் 32 வகை மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் இதற்கென்றே டைமர் உள்ளது. என்கோடர் வயரை அதில் கொடுத்தால் சாஃப்ட்வேர் தலையிடாமலே எண்ணிக்கொள்ளும். நான் அதைத்தான் எடுத்தேன்.

[திரை: நான்கு சுவிட்சுகள், நடுவில் மோட்டார்]

மோட்டாருக்கு மின்சாரத்தை இரு திசையிலும் கொடுக்கும் பவர் பகுதி ஹெச்-பிரிட்ஜ். நான்கு மாஸ்ஃபெட்; குறுக்காக ஒரு ஜோடி திறந்தால் முன்னே, மற்ற ஜோடி திறந்தால் பின்னே. ஒரே பக்கத்தில் மேலும் கீழும் சேர்ந்து திறந்தால் நேரடி ஷார்ட். அதனால் ஒன்றை மூடி, சிறிது இடைவெளி விட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் சிப்புக்கு கேட் டிரைவர் என்று பெயர். ஐஆர் 2184 கேட் டிரைவரில் சுமார் அரை மைக்ரோவினாடி இடைவெளி உள்ளேயே இருக்கிறது. ஐஆர் 2110ல் இல்லை, நாம்தான் கொடுக்க வேண்டும்.

இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள பிழையைப் பார்த்து மோட்டாரை எவ்வளவு தள்ளுவது என்று கணக்கிடும் முறைதான் பிஐடி. அது பற்றி நிறைய வீடியோக்கள் இருக்கின்றன, ஒரே வரியில் முடிக்கிறேன். பி ரப்பர் பேண்ட் மாதிரி இழுக்கும், டி கதவில் மாட்டும் டோர் குளோசர் மாதிரி அடக்கும், ஐ மிச்சமிருக்கும் சின்னப் பிழையை மெதுவாகத் தள்ளி முடிக்கும். பி அதிகமானால் மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமும். காதுக்கே தெரியும்.

சரி, வெடித்த கதைக்கு வருவோம்.

[திரை: காகிதத்தில் கையால் போட்ட கணக்கு]

எனது சப்ளை 60 வோல்ட். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஓடும் மோட்டாரை டிரைவ் நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். அதன் சுருளும் ஹெச்-பிரிட்ஜும் சேர்ந்து வோல்டேஜை உயர்த்தும் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் போல வேலை செய்து, மின்சாரத்தை சப்ளை பக்கமே தள்ளும். ரெக்டிஃபயர் ஒருவழிப் பாதை. வந்தது திரும்பிப் போக வழியில்லை, கெப்பாசிட்டரில்தான் ஏறும்.

எவ்வளவு வரும்? கனமான டேபிள்தான் காரணம் என்று நினைத்தேன். 20 கிலோ டேபிள் நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகத்தில் போனாலும் அதில் இருப்பது 0.6 ஜூல்தான். 3000 சுற்றில் ஓடும் ரோட்டரிலும் (மோட்டாரின் சுழலும் பகுதி) ஸ்க்ரூவிலும் சுமார் 5 ஜூல் இருக்கிறது. நமக்கு நகர்வதாகக் கண்ணில் படுவது டேபிள், சக்தி இருப்பது சுற்றுவதில்.

60 வோல்ட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பிடித்துவைத்திருப்பது 1.8 ஜூல். 100 வோல்ட்டைத் தொட 5 ஜூல் போதும். அதாவது ரோட்டரிலிருந்து 3.2 ஜூல் வந்தாலே நூறு. வழியில் சூடாகக் கழிந்தது போக மீதியே அதற்குப் போதும். நான் போட்டிருந்த ஐஆர்எஃப் 540ன் எல்லை 100 வோல்ட். இப்போது ஓட்டைக்குக் காரணம் தெரிகிறதா?

கெப்பாசிட்டரை 10,000 மைக்ரோஃபாரட் ஆக்கினேன். அதே 5 ஜூல் முழுவதும் வந்தாலும் 68 வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் அடுத்தடுத்து வேகமாக முன்னும் பின்னும் ஓட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதற்காக வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கம்பேரேட்டர்: 72 வோல்ட்டைத் தொட்டதும் இன்னொரு மாஸ்ஃபெட்டைத் திறந்து, 10 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டரில் சக்தியை எரித்துவிடும். 500 வாட்டுக்கு மேல் பாயும், ஆனால் 10 மில்லிவினாடிதான். 50 வாட் ரெசிஸ்டர் தாங்குகிறது. 65ல் வைத்தால் ஆகாதா என்றால், ராத்திரியில் மெயின்ஸ் வோல்டேஜ் ஏறும்போது சப்ளையே 65ஐத் தொடும். ரெசிஸ்டர் சும்மா எரிந்துகொண்டே இருக்கும்.

[திரை: தரையில் கயிற்றால் கட்டிய மோட்டார், பக்கத்தில் எரியும் பல்பு]

முதல் முறை பவர் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு, அதாவது பவர் வரும் வயரின் நடுவே ஒரு பல்பு, போட்டுக் கொடுங்கள். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். மோட்டாரை ஸ்க்ரூவில் மாட்டாமல் தரையில் கட்டிவையுங்கள். என்கோடரின் ஏ, பி வயர் மாறியிருந்தால், பிழையைக் குறைப்பதாக நினைத்து டிரைவ் அதைப் பெருக்கும். மோட்டார் முழு வேகத்தில் பிய்த்துக்கொண்டு ஓடும். வயர் அறுந்தாலும் இதேதான். அதனால் சொன்ன இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் 200 எண்ணிக்கை, அதாவது அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே டிரைவ் ஆஃப் ஆகும்படி வைத்திருக்கிறேன். எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை மட்டும் சாஃப்ட்வேரை நம்பி விடவில்லை. அது நேராக பவரையே துண்டிக்கும்.

அப்புறம், இவ்வளவும் எக்ஸ் அச்சுக்கும் ஒய் அச்சுக்கும்தான். மேலும் கீழும் நகரும் இசட் அச்சில் இதே போர்டை மாட்டி ஆஃப் செய்தால் ஹெட் தானாகக் கீழே இறங்கும், ஏனென்றால் எடை அழுத்தினால் பால் ஸ்க்ரூ தானாகவே பின்பக்கமாகவும் சுழலும். இப்போது அங்கே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். 24 வோல்ட் பிரேக் ஒன்று வாங்கியாகிவிட்டது, அதை மாட்டுவது அடுத்த வீடியோவில்.