திங்கட்கிழமைக்குள் ஒரு லெட்டர் வேணும் ஸார்

(கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசியது)

சிபாரிசுக் கடிதம் என்றதும் நம்ம ஊரில் எம்.எல்.ஏ. லெட்டர்பேடுதான் ஞாபகம் வரும். மலையாளத்தில் 'சுபார்ச' என்றாலும் அதே வாடைதான். பக்கத்துச் சித்தூர் காலேஜுக்கோ, வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூருக்கோ போகிறவர்களுக்கு மார்க்கும் சர்டிபிகேட்டும் போதும் என்பதால் உங்கள் வீட்டில் யாரும் வாத்தியாரிடம் இப்படி ஒன்று கேட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் பல காலேஜ்கள் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவரோ இருவரோ எழுதித் தரணும் என்கின்றன. காமன் ஆப் என்று பல காலேஜ்களுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கிற இணையதளம் இருக்கிறது, அதில் அவருடைய மெயில் முகவரியைக் கொடுத்தால் லிங்க் அவருக்கே போகும், அவரே அனுப்புவார், கடிதம் உங்கள் கைக்கு வராது. பிற்பாடு அதைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்றும் கேட்கும். 1974-இல் வந்த அந்த நாட்டுச் சட்டம் தரும் உரிமை அது. விட்டுக்கொடுத்துவிடுங்கள். பிள்ளை கடிதத்தைப் படிக்கும் என்று தெரிந்தால் வாத்தியார் பூசி மெழுகித்தான் எழுதுவார், அது அங்கே காலேஜில் கடிதத்தைப் பார்க்கிறவருக்கும் தெரியும்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பைக்கை எடுக்க ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன், ஒரு பிள்ளை ஓடி வந்து திங்கட்கிழமைக்குள் லெட்டர் வேணும் ஸார் என்றாள். ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி, பணிவானவள் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அது நன்னடத்தைச் சான்றிதழ், பேரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். எழுத வேண்டியது வேறு. பிசிக்ஸ் லேபில் மீட்டர் பிரிட்ஜ், அதாவது ஒரு மீட்டர் கம்பியை வைத்து மின்தடையை அளக்கிற சோதனை, செய்தபோது அவளுக்கு ரீடிங் தப்பாக வந்தது, பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதாமல் வந்ததை வந்தபடியே ரெக்கார்டில் போட்டு, கம்பி ஸ்கேலின் பூஜ்யத்தில் சரியாக உட்காரவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாள். அதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். ஞாயிறு ராத்திரி ஞாபகம் வரவில்லை.

அதனால் ஓண லீவுக்கு முன்னால் வரும் ஓணப் பரீட்சை முடிந்த கையோடு கேட்டுவிடுங்கள், சீக்கிரம் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பல இடங்களில் நவம்பர் 1 கடைசி நாள். ஹெட்மாஸ்டரிடம் போகாதீர்கள், அவருக்கு உங்கள் முகமே தெரியாது. உங்களைத் திட்டியிருக்கிற வாத்தியார் தேவலை. அவர் 'பார்க்கலாம்' என்று இழுத்தால் மாட்டேன் என்று அர்த்தம், கோபப்படாமல் இன்னொருவரைக் கேளுங்கள். அப்புறம், நீங்களே எழுதி வந்து கையெழுத்து மட்டும் கேட்கிற பழக்கம் இருக்கிறதே, அது வேண்டாம். கடிதம் எழுதுவது அவர் வேலை, ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை. அவர் வகுப்பில் நீங்கள் செய்த இரண்டு மூன்று காரியங்களை ஒரு தாளில், தமிழிலேயே எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்தப் பிள்ளைக்கு அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை, என் கடிதத்தாலா என்று யார் சொல்ல முடியும். அடுத்த வருஷம் மறுபடி வந்தாள், ஆகஸ்டிலேயே. பையில் அந்த ரெக்கார்டு இருந்தது.