அரசின் செலவில், கலைஞரின் குரலில்

அவைத்தலைவர் அவர்களே, அறிஞர் பெருமக்களே, நண்பர்களே,

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் நடந்த பனிப்போரைப் பற்றிய அரசியல் வரலாறுகளைப் புரட்டினால் ஒப்பந்தங்களும் உச்சி மாநாடுகளும் ஏவுகணைகளுமே பக்கங்களை நிறைத்திருக்கும். அதே ஆண்டுகளில் இசைக்கலைஞர்களும் நடனக் குழுக்களும் எழுத்தாளர்களும் அரசாங்கச் செலவில் கண்டம் விட்டுக் கண்டம் சென்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பண்பாட்டுத் தூதர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தூதர் என்பவர் தம்மை அனுப்பியவரின் சொல்லைச் சுமந்து செல்பவர். அப்படியானால் மேடையில் ஒலித்தது அரசின் சொல்லா, கலைஞரின் சொல்லா? கலைஞர் தம் சொல்லையே பேசிய இடங்களில்தான் அனுப்பிய நாட்டின் மதிப்பும் உயர்ந்தது என்பது நான் இங்கே முன்வைக்க விரும்பும் கருத்து.

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். பணம் மிகுதியாகச் செலவானதும், முரண்பாடு வெளிப்படையாகத் தெரிந்ததும் அங்கேதான். அமெரிக்கர்களிடம் இயந்திரமும் பணமும் உண்டு, கலை இல்லை என்ற சோவியத் பரப்புரை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1954ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஐசனோவர் பண்பாட்டுப் பயணங்களுக்கும் வணிகக் கண்காட்சிகளுக்குமாக 50 லட்சம் டாலர் அவசர நிதியைக் கேட்டுப் பெற்றார். 1956இல் நியூயார்க்கின் ஹார்லெம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல் தந்த ஆலோசனையின்படி, கறுப்பின டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழு ஈரானின் அபாதானில் தொடங்கி டாக்கா, கராச்சி, பெய்ரூட், டமாஸ்கஸ், பெல்கிரேடு வழியாக ஏதென்ஸ் வரை சென்றது. அந்தக் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் அடுத்தடுத்து அமர்ந்து வாசித்தார்கள். டிராம்போன் வரிசையில் மெல்பா லிஸ்டன் என்ற பெண்மணியும் இருந்தார். இனப் பிரிவினை நிலவிய அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் இப்படி ஒரு குழு ஒரே விடுதியில் தங்கியிருக்கவே முடியாது. தம் நாட்டில் இல்லாத ஒன்றை நாட்டின் முகமாகக் காட்டச் சொன்னார்கள் என்பதை அந்தக் கலைஞர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

புறப்படுமுன் என்ன பேச வேண்டும் என்று விளக்கம் பெற்றுக்கொள்ள வெளியுறவுத் துறை அழைத்தபோது, முந்நூறு ஆண்டுகளாக எங்களுக்கு விளக்கம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று கில்லெஸ்பி மறுத்துவிட்டதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அங்காராவில் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் நடந்த விருந்தொன்றில், மதிலுக்கு வெளியே நின்ற ஏழைச் சிறுவர்களை உள்ளே விட்டால்தான் வாசிப்பேன் என்றார், விட்டார்கள். ஏதென்ஸில் பிரிட்டன் ஆண்டுவந்த சைப்ரஸ் தீவைக் கிரேக்கத்தோடு இணைப்பது பற்றிய சிக்கலால் அமெரிக்காவின் மீது சினம் கொண்டிருந்த மாணவர்கள் நிறைந்த அரங்கில் அவர் வாசித்தார். அந்த அரங்கே எழுந்து ஆடியது. அங்கே போனவர் தூதரக அதிகாரி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பவராக இருந்திருந்தால், அந்த மாணவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் கூர்மையானது. 1957 செப்டம்பரில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதை ஆளுநர் ஃபோபஸ் மாநிலப் படையை நிறுத்தித் தடுத்தார். கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்டிராங்கை அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்கு அனுப்பும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. எப்போதும் சிரித்த முகமாக மேடையேறியதால் வெள்ளையரை மகிழ்விப்பவர் என்று தம் இனத்து இளைஞர்களாலேயே ஏளனம் செய்யப்பட்ட அந்த மனிதர், தென்மாநிலங்களில் தம் மக்களை நடத்தும் விதத்தைப் பார்க்கையில் இந்த அரசாங்கம் நரகத்துக்குப் போகட்டும் என்று ஒரு செய்தியாளரிடம் கொதித்துச் சொன்னார், பயணத்தையும் மறுத்தார். சில நாட்களில் ஐசனோவர் கூட்டரசுப் படையை அனுப்பி மாணவர்களைப் பள்ளிக்குள் சேர்த்தார். ஆம்ஸ்டிராங் சொன்னதால்தான் அனுப்பினார் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் 1960இல் அவரையே வெளியுறவுத் துறை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் மக்கள் அவரைத் தம்மவராக வரவேற்றார்கள். அரசை வெளிப்படையாகக் கண்டித்தவர் அதே அரசின் தூதராக வருவதைக் காட்டிலும் வலுவான விளம்பரத்தை எந்தப் பரப்புரை அலுவலகமும் தயாரித்திருக்க முடியாது.

இவ்வகைப் பயணங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் போனவர் என்ன கொடுத்தார் என்றே கணக்குப் பார்க்கிறார்கள். அவர் கொண்டுவந்ததைக் குறிப்பதில்லை. 1958இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, ஈராக் என்று சுற்றியது. சென்னையில் மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையை அவர்கள் சந்தித்தார்கள். இஸ்தான்புல் வீதியில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம் புரூபெக்கை விடவில்லை. அடுத்த ஆண்டு வெளியான அவரது இசைத்தட்டில் ஒன்பதும் ஐந்தும் எண்ணும் உருப்படிகள் இடம்பெற்று உலகெங்கும் விற்றன. ஐந்தெண்ணும் கண்டத்தையும் ஒன்பதெண்ணும் சங்கீர்ணத்தையும் அன்றாடம் கையாளும் நம் லயவித்துவான்களுக்கு இது ஒரு புதுமையா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க ஜாஸுக்கு அது புதுமைதான்.

சோவியத் தரப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1958 ஜனவரியில் இரு வல்லரசுகளும் பண்பாட்டுப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. அவ்வாண்டு ஏப்ரலில் மாஸ்கோவில் நடந்த முதல் சைக்கோவ்ஸ்கி போட்டியில் டெக்சாஸில் வளர்ந்த 23 வயது இளைஞர் வான் கிளைபர்ன் பியானோவில் முதலிடம் பெற்றார். அமெரிக்கருக்குப் பரிசு கொடுக்கலாமா என்ற தயக்கம் சோவியத் தலைவர் குருஷ்சேவ் வரை போய், அவர்தான் சிறந்தவரென்றால் கொடுங்கள் என்ற விடையோடு திரும்பியது. அந்த ஒரு பெருந்தன்மை சோவியத் நாட்டுக்குத் தேடித்தந்த நல்லெண்ணம் சிறிதன்று. அதே நாடு தன் கலைஞர்களைக் காவலர் கண்காணிப்பில்தான் வெளியே அனுப்பியது. 1961 ஜூனில் பாரிஸ் விமான நிலையத்தில், குழுவோடு லண்டனுக்குப் போகவிடாமல் மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்ப முயன்றபோது, பாலே நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரெயெவ் பிரெஞ்சுக் காவலரிடம் அடைக்கலம் கேட்டார். காவல் போட்டதாலேயே தூது கெட்டது.

இந்தியாவிடம் அப்போது பணம் இல்லை. 1950இல் மௌலானா ஆசாத் தொடங்கிவைத்த பண்பாட்டு உறவுகளுக்கான இந்தியக் குழுமமும், 1954இல் ரவிசங்கர் முதலானோர் சோவியத் நாட்டுக்குச் சென்ற தூதுக்குழுவும் அந்தச் சிக்கனத்துக்குள் நடந்தவை. 1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. பொது அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். ஐ.நா. தலைமையகத்தில் உயர் பொறுப்பில் இருந்த சி.வி. நரசிம்மனின் முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. பாடல்களில் ஒன்று காஞ்சிப் பெரியவர் அந்த மேடைக்கென்றே இயற்றிய ‘மைத்ரீம் பஜத’. போரை விடுங்கள், போட்டியை விடுங்கள் என்று உலகத்துக்குச் சொல்வது. வியத்நாமில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. இந்தியாவோ அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து நின்ற ஆண்டு அது. அந்நிலையில் ஓர் இந்திய அமைச்சர் நியூயார்க்கில் இதையே உரையாகச் சொல்லியிருந்தால், தூதரகங்களுக்கிடையே கடிதங்கள் பறந்திருக்கும்.

அதே 1966இல்தான் எதிர்மறையான சான்றும் வெளிவரத் தொடங்கியது. 1950இல் மேற்கு பெர்லினில் பிறந்த ‘பண்பாட்டு விடுதலைக்கான பேராயம்’ என்ற கம்யூனிச எதிர்ப்பு அறிவாளர் அமைப்பு பல நாடுகளில் இதழ்களையும் கருத்தரங்குகளையும் நடத்திவந்தது. இந்தியாவிலும் அதற்குக் கிளை இருந்தது. அதன் இதழ்களில் தரமான எழுத்து வந்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பணம் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.யிடமிருந்து அறக்கட்டளைகளின் பெயரால் வந்திருந்தது. நியூயார்க் டைம்ஸ் 1966இல் அதைக் கோடிகாட்டியது. மறு ஆண்டில் எல்லாம் அம்பலமாயிற்று. பேராயத்தின் இதழ்களில் ஒன்றாக லண்டனிலிருந்து வந்த என்கவுன்ட்டரின் ஆசிரியர் பொறுப்பிலிருந்து ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் விலகினார். கில்லெஸ்பியின் பயணச் செலவை அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் வெளிப்படையாகத் திட்டினார்கள். அந்தத் திட்டே அவருக்குக் காப்பாயிற்று. இங்கே யாரும் திட்ட வாய்ப்பில்லாதபடி மறைத்ததால், அறியாமல் எழுதிய நேர்மையாளர்களின் பெயரும் கறைபட்டது. பேராயம் பெயரை மாற்றிக்கொண்டது. ஃபோர்டு அறக்கட்டளை வெளிப்படையாகப் பணம் தந்தது. ஆயினும் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. 1979இல் அதைக் கலைத்துவிட்டார்கள்.