ஹெரால்டு சில்லுல துரு: பட்டி பூசி மறைக்காம வீட்டுலயே சரி பண்றது

வணக்கம் மக்களே. இன்னைக்கு வண்டிக்கு அடியில படுத்துதான் வேலை, அதான் கேமராவையும் தரையில வெச்சுட்டேன். வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய கார். டிசைன் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டியோடது, ஆனா செஞ்சது நம்ம மெட்ராஸ்ல.

டிரைவர் கதவுக்குக் கீழ நீளமா ஓடுற இந்தத் தகட்டைப் பாருங்க, இதுதான் சில்லு. பெயிண்டு லேசா உப்பியிருக்கு, அவ்வளவுதான் தெரியுது. ஸ்குரூடிரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே வரேன்... டங், டங்... இப்ப தொப்புனு ஒரு சத்தம், கேட்டீங்களா? காந்தத்தை வெச்சா நிக்காம விழுது. உள்ள தகடே கிடையாது, முழுக்கப் பட்டி, அதாவது பள்ளத்தை அடைக்கப் பூசுற பசை. யாரோ துருவை எடுக்காம மேலயே பூசிட்டுப் போயிருக்காங்க. பட்டி ஈரத்தை இழுக்கும். உள்ள துரு உயிரோட இருந்தா மேல என்ன பெயிண்டு அடிச்சாலும் திரும்ப உப்பத்தான் செய்யும்.

இதை வீட்டுல பண்ண முடியுமான்னா, ஹெரால்டுல முடியும். அம்பாசடர், பத்மினியில எல்லாம் தனி சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் பாரம் தாங்குது. அங்க கணக்கில்லாம சில்லை வெட்டினா கதவு மூடாது. ஹெரால்டுக்கு சேஸ் தனி. பாடியே ரெண்டு துண்டா போல்ட் போட்டுச் சேர்த்ததுதான். இந்த வெளிச் சில்லும் போல்ட்லதான் நிக்குது. போல்ட் இறுகிக் கிடக்கும். ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வெச்சிருங்க.

சில்லைக் கழட்டினா நிஜமான வேலை தெரியும். இதோ, தரைத் தகட்டோட ஓரம் அப்பளமா நொறுங்குது. வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஓட்டையோட அளவுக்கு இல்ல, பளபளன்னு நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டுங்க. மெலிஞ்ச தகட்டுல வெல்டு வெச்சா ஓட்டை இன்னும் பெருசாகும்.

ஒட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். தகடு, அதாவது பூச்சு இல்லாத வெறும் இரும்புத் தகடு. முதல்ல அட்டையில வெட்டி அளவு பாத்துக்கோங்க. வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டணும், கார்பெட்டை எடுக்கணும். ஹெரால்டுல பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளயே இருக்கு, அதனால பின்பக்க வேலைன்னா டேங்கை இறக்காம தொடவே தொடாதீங்க. பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் மண்ணும் இருக்கட்டும். ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசின தகடு வேண்டாம், வெல்டு வெக்கும்போது வர்ற அந்தப் புகையில காய்ச்சல் வரும்.

மிக் வெல்டிங்ல ஒரே இழுப்பா இழுக்காதீங்க, தகடு நெளிஞ்சுரும். இங்க ஒரு புள்ளி, அந்தக் கோடியில ஒரு புள்ளி, சூடு ஆறட்டும், அப்புறம் நடுவுல. பொறுமை இல்லாத ஆளுன்னா இந்த வேலைக்கு வராதீங்க, நிஜமா சொல்றேன்.

மூலை முடுக்குல கம்பி பிரஷ் போகாத இடத்துக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது துருவை அடக்குற திரவம். துரு கருப்பா மாறும். காஞ்சதும் ரெண்டு பக்கமும் எபாக்ஸி பிரைமர், இணைப்புல சீலர். பட்டி கூடாதுன்னு சொல்லல. பிரைமருக்கு மேல மெல்லிசா, மேடு பள்ளம் சமமாக மட்டும்.

சில்லுக்கு அடியில தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருக்கான்னு பாத்துக்கோங்க. துரு ஆரம்பிச்சதே அங்கதான், சேறு அடைச்சுத் தண்ணி தேங்கியிருக்கு. பெயிண்டு முடிஞ்சதும் அந்த ஓட்டை வழியாவே உள்ள மெழுகு ஸ்பிரே அடிச்சிருவேன்.

கடைசியா, சேஸ்லேர்ந்து பக்கவாட்டுல நீட்டுற இந்தக் கையைக் குத்திப் பாக்குறேன். பாடி உக்காந்திருக்கறது இது மேல. நல்லவேளை, கெட்டியா இருக்கு. உங்க வண்டியில ஸ்குரூடிரைவர் உள்ள இறங்குச்சுன்னா ஒட்டுப் போடாதீங்க. தேர்ந்த வெல்டரைக் கூப்பிட்டு அந்தக் கையையே புதுசா மாத்துங்க.