மூசைக்குப் போகாத வெள்ளி

வணக்கம் நேயர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் தெருவில் எந்த வெள்ளியைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி, "எத்தனை கிராம்?" அடுத்தது, "எத்தனை டச்?" டச் என்றால் வெள்ளியின் சுத்தம். இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் விலை பேசி முடிந்தது. ரோமானியக் காசு சேர்க்கத் தொடங்கிய பிறகு இந்தப் பழக்கத்தை விட எனக்கு வெகுநாள் பிடித்தது.

முதலில் வாங்கிய காசு கன்னங்கரேல் என்றிருந்தது. கொலுசுக்குச் செய்வதுபோலவே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பித்தளைக் கம்பிப் பிரஷால் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. விற்ற வியாபாரியிடமே சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "பாதி விலை போச்சே தம்பி" என்றார். அந்தக் கறுப்பு பல நூறு வருஷமாக அதன்மேல் படிந்தது. இனி யாராலும் அதைத் திருப்பித் தரமுடியாது. அந்தக் காசை இன்றும் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

கொங்கு மண்ணில் இந்தக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தன. கோவை வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலில் 522 வெள்ளிக் காசுகள் வந்தன. நம் சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியிலும் கிடைத்தன. தினாரியஸ் என்று பெயர். பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்றில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தலை; பின்பக்கம் அவருடைய பேரன்மார் கேயஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியும் வைத்து நிற்பார்கள். இன்னொன்றில் அவருக்கு அடுத்த பேரரசர் டைபீரியஸ் தலை; பின்பக்கம் செங்கோல் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இரண்டும் இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்து அச்சு.

ஏன் இந்த இரண்டு? இவர்களுக்குப் பின்னால் வந்த நீரோ மன்னன் கி.பி. 64இல் ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்ததை 96 ஆக்கினான். டச்சையும் குறைத்தான். இங்கே வாங்கியவர்கள் பழைய சுத்தமான காசையே விரும்பினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. பட்டறைக்காரனான எனக்கு அதை நம்புவதில் சிரமமே இல்லை.

இப்போது விலைக்கு வருகிறேன். இரண்டு வகையும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் டைபீரியஸ் காசுக்கு எப்போதும் விலை கூடுதல். "சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள்" என்று இயேசு சொல்லுமுன் காட்டச் சொன்ன காசு அதுதான் என்று கருதி, உலகம் முழுக்கக் கிறிஸ்தவர்கள் அதைத் தேடுகிறார்கள். ஆகவே புதிதாகச் சேர்ப்பவர்கள் பேரன்மார் காசில் தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். கொங்கு மண்ணின் கதை அதிலும் குறைவில்லாமல் இருக்கிறது.

அந்தப் பேரன்மார் காசுக்கு ஒருவர் 45,000 ரூபாய் கேட்டார். எனக்கு உள்ளூர ஆசைதான். ஆனாலும் வாங்கவில்லை. ஆறு வருஷம் காத்திருந்தேன். காத்திருப்பது என்றால் கைகட்டிச் சும்மா இருப்பதல்ல. ஏலங்களில் இந்த வகை எப்போதெல்லாம் போனதோ, அப்போதெல்லாம் பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். வெறும் விலையை மட்டும் எழுதினால் பயனில்லை. தலை நடுவில் விழுந்திருக்கிறதா, எழுத்து விளிம்புக்கு வெளியே ஓடிவிட்டதா, மூக்கு தேய்ந்திருக்கிறதா, எல்லாவற்றையும் எழுதவேண்டும். மூன்றாம் வருஷத்தில் விலையைப் பார்க்காமலே, இது இவ்வளவுக்குத்தான் போகும் என்று சொல்ல வந்துவிட்டது. உரிமம் உள்ள ஒரு வியாபாரியிடம் 27,000க்கு நல்ல காசு ஒன்று வந்தபோது கை நடுங்கவில்லை. எடை 3.7 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன், 0.36 கிராம் குறைந்தது. நல்ல வெள்ளி. உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி போர்த்திய கள்ளக் காசு ரோமர் காலத்திலேயே உண்டு. செம்பு வெள்ளியைவிட லேசு, அதே எடைக்குப் பருமன் கூடும்; அதனால் அதுவானால் தண்ணீரில் இன்னும் கூடுதலாகக் குறைந்திருக்கும்.

ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் ஆற்று மணல் சலிப்பவர்கள் பழங்காசு கொண்டுவருவார்களாம். எடைக்குப் பணம் கொடுத்து நேரே மூசையில் போட்டு உருக்கினார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படி எத்தனை அகஸ்டஸ் தலைகள் கொலுசாகிப் போயினவோ! வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான்.

மண்ணிலிருந்து எடுத்த புதையல் எடுத்த உடனே எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. 1878ஆம் வருஷத்துச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். எந்தப் பானையில், எந்த வயலில், எதோடு எது கிடந்தது என்ற விவரம் அங்கேதான் பதிவாகும். பட்டறை வைத்திருக்கும் தம்பிமார்களே, மண் ஒட்டிய காசோடு யாராவது உங்கள் படியேறி வந்தால், தயவுசெய்து தராசில் வைக்காதீர்கள். கலெக்டர் ஆபீசுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.