அன்னாசி என்றால் எந்த அன்னாசி?

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் இந்தப் புழுக்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்ட ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழ வியாபாரிகள் சங்கச் செயலாளர் அவர்களே, வணக்கம். செயலாளர் ஐயா, உங்களை நம்பித்தான் நான் இன்றைக்கு வந்திருக்கிறேன். பத்து நிமிஷம் அந்த போனைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மைக் செட் தம்பிக்கும் தனியாக ஒரு வணக்கம். போன கூட்டத்தில் நான் பேசப் பேச அவர்தான் மைக்கை அணைத்தார்.

நோட்டீஸில் ‘உலகத்து அன்னாசி வகைகள்’ என்று போட்டிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, வகைகள். இரண்டு, பிலிப்பைன்ஸில் அன்னாசி இலையிலிருந்து நார் எடுத்து நெய்கிற துணி. மூன்று, ஒரு கோரிக்கை.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. 32 வருஷம் பஸ் கண்டக்டர். அதில் 11 வருஷம் கொல்லிமலை ரூட். அன்னாசியோடு எனக்குப் பழக்கம் அங்கே ஏற்பட்டதுதான்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. என் பேச்சை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், குடிநீர்க் கூட்டத்திலும் இதைத்தான் சொன்னேன். பொருந்துகிறது, என்ன செய்ய? மாம்பழக் கடையில் போய் வெறுமனே ‘மாம்பழம் கொடு’ என்று யாராவது கேட்கிறோமா? இமாம்பசந்தா, பங்கனப்பள்ளியா, மல்கோவாவா என்று கேட்கிறோம். வாழைப்பழம் என்றால் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி. அன்னாசி மட்டும் அன்னாசி. கடைக்காரர் கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பதைத் தின்றுவிட்டு, இதுதான் அன்னாசி என்று வீட்டுக்குப் போகிறோம். இலுப்பைப்பூ.

சரி, வகைகளுக்கு வருகிறேன். இந்தப் பழத்தின் தாய்வீடு தென் அமெரிக்கா. கொலம்பஸ் 1493-இல் குவாதலூப் தீவில் இதைப் பார்த்தார். தென் அமெரிக்க மண்ணின் மக்கள் ‘நானா’, ‘நானாஸ்’ என்றார்கள். போர்ச்சுக்கீசியர் அதை ‘அனனாஸ்’ ஆக்கி இந்தியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நாம் அன்னாசி என்கிறோம். பழம் மட்டுமல்ல, பேரும் அங்கிருந்து வந்ததுதான்.

பெரிய குடும்பம் கயென். பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய வகை. இலை ஓரத்தில் முள் அநேகமாகக் கிடையாது. ஹவாய்த் தீவுகளில் டின்னில் அடைத்து உலகமெல்லாம் அனுப்பியது இதைத்தான். நம்முடைய கியூ இந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆள் பெரியவன், சாறு அதிகம், சதை வெளிர் மஞ்சள். இன்னொரு குடும்பம் குயின். பழம் சிறியது, கண்கள் ஆழம், சதை நல்ல பொன்னிறம், வாசனை தூக்கும், இலையோரமெல்லாம் முள். கேரளத்து மொரீசியஸ் இந்த வகை. கரீபியன் பக்கம் சிவப்பு ஸ்பானிஷ். பிரேசிலில் பெரோலா, அதன் சதை வெள்ளை. மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவிலும் பெனினிலும் ‘சுகர்லோஃப்’ என்று ஒன்று. பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். நம் ஊரில் வைத்தால் காய் என்று ஒருவரும் தொடமாட்டார்கள், உள்ளே வெல்லம். இன்று சூப்பர் மார்க்கெட்டுகளில் பளபளவென்று நிற்கும் எம்.டி.2 ஹவாயில் மகரந்தம் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். 1996-இல் கோஸ்டா ரிக்காவிலிருந்து சந்தைக்கு வந்து, ஏற்றுமதியில் பழைய கயெனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. சின்னக் கதைதான் ஐயா.

கொல்லிமலை மேலே இருக்கிற செம்மேட்டிலிருந்து கீழே இறங்குகிறோம். சந்தை நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின்சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு அன்னாசி. ஒன்று ஒரு ஆயாவுடையது, இன்னொன்று ஒரு இளவயசுப் பெண்ணுடையது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் எதிரே லாரி வர, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். இரண்டு சாக்கும் ஒன்றாக வாய் பிளந்தன. அன்னாசிகள் உருண்டு ஓடுகின்றன! ஒன்று டிரைவர் காலடிக்கே போய்விட்டது. “முதல்ல இதை எடுய்யா, அப்புறம் டிக்கெட்டைக் கிழி” என்று அவர் கத்துகிறார். நாங்கள் பொறுக்கிக் குவித்தோம். உடனே சண்டை. இது என்னுது, அது உன்னுது. எனக்கு நேரமாகிறது. “அன்னாசிதானே ஆயா, ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க” என்றேன்.

ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தது. “ஏந் தம்பி, பத்து ரூவா நோட்டும் நூறு ரூவா நோட்டும் காகிதந்தானேன்னு நீ ஆளுக்குப் பாதி குடுப்பியா?” பஸ்ஸே சிரித்தது. அப்புறம் ஒரு பழத்தை எடுத்து என் முன்னால் நீட்டி, “கொண்டையைத் தடவிப் பாரு” என்றது. தடவினேன். சுருக்கென்று விரலில் ஏறியது, ரத்தம். “முள்ளு இருந்தா என்னுது. வழவழன்னு இருந்தா அந்தப் புள்ளையோடது. இதுக்கு எதுக்குப் பஞ்சாயத்து?” அவ்வளவுதான். ஆளாளுக்குப் பழத்தைக் கையில் எடுத்துக் கொண்டையைத் தடவி, ‘முள்ளு’, ‘வழவழ’ என்று ஏலம் போடுவது மாதிரி கத்திப் பிரித்துக் கொடுத்தார்கள். கணக்கு பார்த்தால் ஆயாவுக்கு ஒன்று குறைகிறது. யாரும் வாய் திறக்கவில்லை. பஸ் அடுத்த வளைவில் சாய்ந்தது. மூன்றாவது சீட்டில் மடியில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் ‘ஐயோ’ என்று துள்ளி எழுந்தார். துண்டுக்குள்ளிருந்து முள் அன்னாசி கீழே விழுந்தது! ஆயா குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, அவருக்கு வலிக்குதா என்று மட்டும் கேட்டது.

அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக அன்னாசியில் வகை பார்த்தேன். அதுவரை எனக்கும் இலுப்பைப்பூதான்.

இப்போது கோரிக்கை. செயலாளர் ஐயா, தயவுசெய்து இதைக் கேளுங்கள். கடையில் அன்னாசி வைத்தால் பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். என்ன வகை, எந்த ஊரில் விளைந்தது, என்றைக்குப் பறித்தது. மூன்றே வரி. பறித்த நாள் ஏன் என்றால், அன்னாசி மாம்பழம் மாதிரி இல்லை. பறித்த பிறகு வைக்கோலில் புதைத்தாலும் இனிப்பு ஏறாது. தோல் மஞ்சளாகும், அவ்வளவுதான். தைவானில் போய்ப் பாருங்கள், வகைக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு செல்லப்பெயர். 17-ஆம் எண் ‘தங்க வைரம்’, 20-ஆம் எண் ‘பால் அன்னாசி’, 23-ஆம் எண் ‘மாம்பழ அன்னாசி’. வாங்குகிறவர் பெயர் சொல்லிக் கேட்கிறார். எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசி 2009-இல் புவிசார் குறியீடு வாங்கியது. திரிபுராக்காரர்கள் தங்கள் குயினுக்கு 2015-இல் வாங்கி, 2018-இல் மாநிலப் பழமாகவே அறிவித்துவிட்டார்கள். நாம்? வெளியூர் லோடைக் கொட்டிக் ‘கொல்லிமலை அன்னாசி, கொல்லிமலை அன்னாசி’ என்று கூவி விற்கிற கடையை நானே பார்த்திருக்கிறேன். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். மலையில் முள்ளுக்குள் கைவிட்டு அறுத்தவருக்கு அந்தப் பெயரால் ஒரு ரூபாய் கூடுதலாகப் போகவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். நார்த் துணிக்கு நேரமில்லை, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம், கூப்பிட்டால்.

மேசை மேல் இரண்டு பழம் வைத்திருக்கிறேன். ஒன்று கியூ, ஒன்று மொரீசியஸ். அட்டையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். செயலாளர் ஐயா முதலில் வந்து இரண்டிலும் ஒரு கீற்று எடுத்துக்கொள்ள வேண்டும். கொண்டையைத் தடவுவதாக இருந்தால் மெதுவாக.