தப்பிவந்த மாடு, அடிபட்ட ஆள்: பதில் சொல்ல வேண்டியது யார்?

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரவில் ஒரு மாடு வேலியைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிடுகிறது, ஒரு கார் அதன் மேல் மோதுகிறது, ஓட்டியவருக்குப் பலத்த காயம், மாடு அங்கேயே செத்துப்போகிறது. யார் யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும்? மாடு வளர்க்கிறவர்களைக் கேட்டால் ஒரு பதில், வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் இன்னொரு பதில். சட்டத்தைக் கேட்டாலும் அதே நிலைமைதான். நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது, சில இடங்களில் மாவட்ட எல்லையைத் தாண்டினாலே மாறுகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடு எப்படி வெளியே வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் அடிபட்டவர் அல்ல. "நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தேன்" என்று மாட்டை வைத்திருப்பவர்தான் காட்ட வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது.

விலங்கு செய்த சேதத்துக்கு உரிமையாளர் பொறுப்பு என்பது புதிய எண்ணம் இல்லை. பழைய ரோமானியச் சட்டத்திலேயே இருக்கிறது: ஒன்று சேதத்துக்கு ஈடு கொடு, இல்லாவிட்டால் விலங்கையே ஒப்படைத்துவிடு. 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் இன்னும் வெளிப்படையாக, விலங்கு உன் கையில் இருந்தாலும் சரி, வழிதவறியோ தப்பியோ போயிருந்தாலும் சரி, நீதான் பொறுப்பு என்றது. அந்த விதி எண் மட்டும் மாறி இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இங்கிலாந்து போன வழி வேறு. ஒருவர் இருட்டில் சைக்கிளில் போகும்போது, வயலிலிருந்து வெளியே வந்த ஒரு குதிரையோடு மோதிக் காயப்பட்டார். வேலி சரியில்லை என்பது தெரிந்த விஷயம். வழக்கு, அன்று நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 1947-இல் தீர்ப்பு வந்தது: சாலையோர நிலத்துக்காரருக்கு, தன் வளர்ப்பு விலங்குகள் சாலைக்குப் போகாமல் தடுக்கும் கடமையே கிடையாது. வேலி ஓட்டையாக இருந்தாலும் கிடையாது! நீதிபதிகள் சொன்ன காரணம், பெரும்பாலான சாலைகள் வேலியில்லாத நிலங்களின் நடுவே உருவானவை, ஆடுமாடு குறுக்கே வருவதைச் சகித்துக்கொண்டுதான் மக்கள் அதில் போய்வந்தார்கள் என்பது. நடந்தும் வண்டி கட்டியும் போன காலத்துக்கு அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் 1947-இல் சாலையில் மோட்டார் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

வேகம் இந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. எதிரே ஏதோ நிற்கிறது என்று மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால், அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விட்டது. உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 35 மீட்டர் அளவுக்குத் தேவை. மொத்தம் 70 மீட்டருக்குப் பக்கம். முகப்பு விளக்கை டிம்மில் வைத்துக்கொண்டு போனால், கறுப்பு மாடு போன்ற ஒன்று கண்ணுக்குத் தெரிவதே 50 மீட்டர் வாக்கில்தான். அதாவது பார்த்த பிறகு நிறுத்த முடியாது. அரை டன் எடையுள்ள உடம்பு உயரமான கால்களின் மேல் நிற்பதால், சிறிய காராக இருந்தால் கால்களைத்தான் முதலில் வாரும், உடம்பு முன்கண்ணாடியின் மேல் வந்து விழும். மாடு மோதிய விபத்தில் முன்சீட்டில் இருப்பவர்களின் தலையும் கழுத்தும் அடிபடுவதற்கு இதுதான் காரணம்.

சரி, இங்கிலாந்து கடைசியில் 1971-இல் தனிச்சட்டம் போட்டு அந்த விதிவிலக்கை ஒழித்தது. இப்போது விலங்கு வைத்திருப்பவர் நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும். பொதுமேய்ச்சல் நிலத்திலும், வேலி போடும் வழக்கமே இல்லாத பகுதிகளிலும் உரிமையோடு மேயவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்று ஒரு சலுகையும் வைத்தார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆஸ்திரேலியாவில் 1979-இல்கூட, சாலைக்கு வந்த செம்மறியாடுகளால் நேர்ந்த விபத்து வழக்கில், பழைய ஆங்கில விதிதான் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தும், மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆடு வைத்திருந்தவருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆனதை எனக்கு இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதற்கு நேர் எதிர்முனையும் இருக்கிறது. 2003-இல் அதே பிரபுக்கள் சபைக்கு வந்த வழக்கு: எதையோ கண்டு மிரண்ட மூன்று குதிரைகள் இரவில் வேலியைத் தள்ளிக்கொண்டு பெருஞ்சாலைக்கு ஓடின, ஒரு காரில் வந்தவர் மோதிப் படுகாயமடைந்தார். எதைப் பார்த்து மிரண்டன என்பது கடைசிவரை தெரியவில்லை, வேலியிலும் குறையில்லை என்றே விசாரணை நீதிமன்றம் கண்டது. இருந்தாலும் மிரண்டு ஓடும் குதிரையின் குணமே ஆபத்தானது, அது வைத்திருப்பவருக்குத் தெரிந்ததுதான் என்று சொல்லி, அதே 1971 சட்டத்தின் இன்னொரு பிரிவின்படி, கவனக்குறைவு இல்லாவிட்டாலும் உரிமையாளர்தான் பொறுப்பு என மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இரண்டு பேர் உடன்படவில்லை. தவறே செய்யாதவர் முழு இழப்பையும் சுமப்பது கடினம்தான், ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும்: தவறே செய்யாத அந்தக் காரோட்டி சுமப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

எனக்குப் பிடித்த விடை ஜெர்மனியில் இருக்கிறது. அவர்களுடைய சிவில் சட்டத்தின் 833-ஆம் பிரிவின்படி, விலங்கு வைத்திருப்பவர்தான் சேதத்துக்குப் பொறுப்பு. 1908-இல் அதில் ஒரு வாக்கியம் சேர்த்தார்கள்: பிழைப்புக்காக வளர்க்கும் வீட்டு விலங்காக இருந்து, தேவையான கவனம் எடுத்தேன் என்று வளர்ப்பவர் நிரூபித்தால் அவர் தப்பலாம். பொழுதுபோக்குக்காகக் குதிரை வைத்திருப்பவருக்கு இந்த வழி கிடையாது. நிரூபிக்கும் சுமையை யார் மேல் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வேலி எப்போது கட்டியது, கேட்டுக்குக் கொக்கி மட்டுமா, சங்கிலியும் உண்டா, மின்வேலியின் பேட்டரி எப்போது மாற்றியது, இந்த மாடு இதற்கு முன் வெளியே வந்திருக்கிறதா, எல்லாமே வளர்ப்பவருக்குத் தெரியும். மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களைப் பார்த்தால் தலைகீழ். அங்கே திறந்த மேய்ச்சல் நிலம் என்று ஒரு முறை இருக்கிறது: மாட்டை உள்ளே வைப்பது மாட்டுக்காரர் வேலையல்ல, மாடு வரக்கூடாது என்று நினைப்பவர்தான் வேலி போட்டுக்கொள்ள வேண்டும். நெவாடாவில் இப்படிப்பட்ட நிலத்தின் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் மாடு நின்றால் உரிமையாளருக்குப் பொறுப்பில்லை என்று சட்டமே சொல்கிறது. 1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைப்பதற்கு முன், மரமில்லாத சமவெளியில் வேலி போடுவதே நடக்காத காரியம், அந்தக் காலத்துக்கு அந்த விதி பொருந்தியது. இன்றைக்கு அது வேகச்சாலைகளுக்கும் நீள்கிறது என்பதுதான் என் மனத்தாங்கல்.

இந்தியாவில் விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்தால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆனால் அபராதம் அரசுக்குப் போகும், அடிபட்டவரின் மருத்துவச் செலவுக்கு அது ஆகாது, இழப்பீட்டுக்குத் தனியாகத்தான் வழக்குப் போட வேண்டும்.

அப்புறம், பொறுப்பு எப்போதும் இரண்டு பேருக்குள் முடிவதில்லை. குறுக்கு வழியாக நடந்துபோன யாரோ கேட்டை மூடாமல் விட்டிருக்கலாம், சாலைப் பணி செய்த ஒப்பந்தக்காரர் வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், நிலம் ஒருவருடையது, மாடு குத்தகைக்காரருடையது என்றிருக்கலாம். வண்டி ஓட்டியவர் கண்மண் தெரியாத வேகத்தில் வந்திருந்தாலோ, கால்நடை எச்சரிக்கைப் பலகையைப் பொருட்படுத்தாமல் வந்திருந்தாலோ, பல நாடுகளில் நீதிமன்றம் அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கும். அது நியாயம்தான், ஓட்டுபவருக்கும் கடமை உண்டு.

அடிபட்டவர் தரப்பில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்கிறேன்: மறுநாளே வேலியைச் சரிசெய்துவிடுவார்கள். அதைச் செய்யத்தான் வேண்டும், தப்பில்லை, ஆனால் உங்கள் சாட்சி அதோடு போய்விடும். அதனால் முடிந்த உடனே மாட்டின் காது வில்லை எண், சாய்ந்த கம்பம், கம்பியில் ஒட்டிய முடி, குளம்படித் தடம், கேட்டின் தாழ்ப்பாள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்களிடம் இதற்கு முன் இங்கே மாடு வெளியே வந்ததுண்டா என்று கேளுங்கள். பலமுறை வந்திருந்தால் வழக்கின் நிறமே மாறிவிடும்.

மாடு வளர்க்கிறவர்களுக்கும் இதே சாட்சிதான் காப்பு. வேலியைச் சுற்றிப் பார்த்த தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள், பழுது பார்த்த ரசீதை எடுத்து வையுங்கள், சாலைப் பக்கக் கேட்டுக்குக் கொக்கியோடு சங்கிலியும் போடுங்கள், மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்கும் இன்சூரன்ஸ் உங்களுக்கு இருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். புயலில் மரம் விழுந்து வேலி சாய்ந்த இரவில் மாடு வெளியே போனால், தேடக் கிளம்பும்போதே போலீசுக்குப் போன் செய்து சாலையில் மாடு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அந்த அழைப்பு நேரம் பதிவாகும், வருகிற வண்டிகளையும் அவர்கள் எச்சரிக்க முடியும்.